ரயிலிலேயே வெளிநாடு சுற்றலாமா? வாசகர் கேள்வி-பதில்

வெளிநாடு போய் ரயிலிலேயே சுற்றுவது பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பாஸ், பாஸ், பாஸ் என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். பாஸ் என்பது ஒரு முறை காசு கட்டிவிட்டுக் குறிப்பிட்ட நாள்களில் பல ரயில்களில் ஏறிக்கொள்ளும் சீட்டு. அதற்கு வருவோம், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கே: நாங்கள் இரண்டு பேர், 14 நாள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ரோம், சூரிக் என்று போட்டிருக்கிறோம். யூரெயில் பாஸ் வாங்குவது லாபமா, தனித்தனி டிக்கெட் லாபமா?

ப: லாபம் இருக்கட்டும், முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள். எட்டு ஊர் என்றால் நடுவில் ஏழு பயணம். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் மூணேகால் மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து பெர்லின் ஆறு மணி, பெர்லின்–பிராக் நான்கு சொச்சம், பிராக்–வியன்னா நான்கு, வியன்னா–வெனிஸ் ஏறக்குறைய ஏழு, வெனிஸ்–ரோம் நான்கு, ரோமிலிருந்து மிலானில் மாறி சூரிக் போக ஏழுக்கு மேல். கூட்டினால் ரயிலுக்குள் மட்டும் ஏறத்தாழ 35 மணி நேரம். இதோடு முடிந்ததா என்றால் இல்லை, காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் போய், போய்ச் சேர்ந்த ஊரில் மூன்று மணிக்குத்தான் அறை தருவோம் என்று சொல்வார்கள், அதுவரை எங்காவது உட்கார்ந்து... ஆக, ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பாதி நாள் காணாமல் போகிறது. எட்டு ஊரின் ரயில்வே ஸ்டேஷன்களை நன்றாகப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

நான் என்றால் நான்கு ஊரோடு நிறுத்துவேன். பெர்லினில் இறங்கி, பிராக், வியன்னா வழியாக வெனிஸ் போய், அங்கிருந்தே விமானம் ஏறிவிடலாம். போன இடத்துக்கே திரும்பி வந்துதான் விமானம் பிடிக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை, ஓர் ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறுகிற மாதிரி டிக்கெட் பல நிறுவனங்கள் தருகின்றன, ரயில் பயணத்துக்கு அதுதான் பொருத்தம். மூன்றே மூன்று நீண்ட பயணம், மூன்றுமே பகலில் ஜன்னலோரம் உட்கார வேண்டிய பாதை. டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு கூடவே வரும், பிராக் நோக்கிப் போகிறவர்கள் இடப்பக்கம் சீட் பிடியுங்கள். வியன்னாவிலிருந்து தெற்கே ஏறும்போது செம்மரிங் மலைப்பாதை, 1854-இல் திறந்தது, 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதில்தான் உங்கள் ரயிலும் வளைந்து வளைந்து போகும். மிச்ச நாள்களில் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் போய் வரலாம்: வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம்தான், வெனிஸிலிருந்து படுவா அதைவிடப் பக்கம்.

சரி, இப்போது பாஸ். யூரெயில் என்பது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு, இன்டர்ரெயில் அங்கே வசிப்பவர்களுக்கு, சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 பயண நாள் (ரயில் ஏறுகிற நாள் மட்டும்தான் கணக்கு), இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 பயண நாள் என்று எடுக்கலாம், தொடர்ச்சியான நாள்களுக்கும் உண்டு. 27 வயது வரை சலுகை விலை, 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவரோடு வந்தால் இலவசம். விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருப்பது என்னவென்றால், பாஸ் இருந்தாலும் பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக ரயில்கள், யூரோஸ்டார் இவற்றில் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் சீட்டும் சில ரயில்களில் கொஞ்சம்தான், அது தீர்ந்தால் தீர்ந்ததுதான், ரயிலில் காலி இடம் இருந்தாலும். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து பக்கம் பெரும்பாலான பகல் ரயில்களில் இந்தத் தொல்லை இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான்.

ஆகவே ஒரு தாளில் உங்கள் பயணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் முன்னால் வாங்கினால் என்ன விலை என்று அந்தந்த நாட்டு ரயில்வேயின் சொந்த இணையதளத்தில் பார்த்துக் கூட்டுங்கள். பக்கத்தில் பாஸ் விலையோடு சீட் கட்டணங்களைச் சேர்த்து எழுதுங்கள். நாலு ஊர்த் திட்டத்துக்குத் தனி டிக்கெட்தான் ஜெயிக்கும் என்பது என் கணிப்பு. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு இன்று எங்கே போகலாம் என்று முடிவு செய்கிற ஆள் நீங்கள் என்றால் மட்டும் பாஸ் எடுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு அதைப் போல வேறொன்று கிடையாது.

கே: முன்கூட்டி வாங்கும் மலிவு டிக்கெட்டில் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டுமாம். நடுவில் மாற வேண்டிய ரயிலைத் தவறவிட்டால் பணம் போச்சா?

ப: எப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்து, முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், பொறுப்பு ரயில்வேயுடையது, அடுத்த ரயிலில் உங்களை ஏற்றிவிடுவார்கள். காசு மிச்சம் பிடிக்க இரண்டு துண்டாக, அதுவும் இரண்டு வேறு நிறுவனங்களில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து யூரோ மிச்சத்துக்கு இந்தத் தலைவலி வேண்டாம் என்பேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். பெருவெள்ளம், கடும் புயல் மாதிரி காரணம் என்றால் இது கிடைக்காது. கேட்டால்தான் தருவார்கள், தானாக வராது.

அப்புறம் இந்த மாறும் நேரம். செயலியில் தேடினால் எட்டு நிமிடத்தில் மாறலாம் என்று கூசாமல் காட்டும். ஸ்விட்சர்லாந்தில் அதை நம்பலாம், 1982 முதல் நாடு முழுக்க ஒரே தாளத்தில் ஓடும் கால அட்டவணை அவர்களுடையது, ஒரு ரயில் வரவும் எதிர் பிளாட்பாரத்தில் இன்னொன்று நிற்கும். மூன்று நிமிடம் பிந்தினாலே தாமதம் என்று எழுதிக்கொள்கிறவர்கள், அப்படியும் 90 சதவீதத்துக்கு மேல் நேரத்துக்கு வருகிறது. ஜெர்மனி கதை வேறு. அங்கே 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் சரியான நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் பிந்தியதை எல்லாம் சரியான நேரம் என்று சேர்த்துக்கொண்ட கணக்கு. ஜெர்மனியில் மாறுகிறீர்கள் என்றால் நாற்பது நிமிடமாவது விடுங்கள். பாரிஸில் மாறுவதாக இருந்தால் அதைவிட எச்சரிக்கை தேவை, வடக்கிலிருந்து வரும் ரயில் நிற்பது கார் து நோர், தெற்கே கிளம்பும் ரயில் நிற்பது கார் து லியோன், நடுவில் நகரத்தைக் கடக்க வேண்டும், ஒன்றரை மணி நேரம் விட்டால் மூச்சு வாங்காமல் போகலாம்.

இன்னொன்று, ஐரோப்பாவின் ஆண்டு கால அட்டவணை டிசம்பர் நடுவில் மாறும். அதற்குப் பிந்தைய தேதிக்கு ரயிலே காட்டவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். ரயிலை நிறுத்திவிடவில்லை, புது அட்டவணை ஏறவில்லை, அவ்வளவுதான். பொறுத்துப் பாருங்கள்.

கே: பல நாடுகள் போகிறோம், விசா எந்த நாட்டில் கேட்பது? ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிடலாமா?

ப: ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு, அந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாள் கணக்கு சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை, லண்டனை நுழைப்பதாக இருந்தால் அதற்குத் தனி விசா. ரயில் டிக்கெட்டைப் பொறுத்தவரை, விசா கைக்கு வரும்வரை திரும்பக் கொடுக்க முடியாததை வாங்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய அறைகளோடு, நாள்வாரியாகத் தெளிவான பயணத் திட்டம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அம்மா அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது. லக்கேஜோடு அவர்களை ரயிலில் கூட்டிப் போக முடியுமா?

ப: தாராளமாக முடியும், லக்கேஜ் மட்டும் குறைய வேண்டும். விமானத்தில் பெட்டியை வேறு யாரோ ஏற்றி இறக்குகிறார்கள். ரயிலில் எடை போட ஆள் இல்லை, தூக்கவும் ஆள் இல்லை. பழைய கோச்சுகளில் பிளாட்பாரத்திலிருந்து இரண்டு மூன்று படி ஏற வேண்டும், கதவு பல ரயில்களில் தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும், இடைப்பட்ட ஸ்டேஷன்களில் ரயில் நிற்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இறங்குகிறவர்கள் இறங்கி முடித்து, நீங்கள் அம்மாவை ஏற்றி, அப்பாவை ஏற்றி, நாலு பெரிய சூட்கேஸை ஏற்றுவது என்றால் நடக்கிற காரியமா? ஆளுக்கு ஒரு சின்ன பெட்டி, அவரவரே இழுக்கக்கூடியது. துணி துவைக்கும் வசதியுள்ள அறையை நடுவில் ஒரு முறை எடுங்கள், பாதி துணி குறைந்துவிடும்.

முன்பதிவு கட்டாயமில்லாத ரயிலிலும் அவர்களுக்கு சீட் பதிவு செய்துவிடுங்கள், சில யூரோதான். கோச் எண் தெரிந்திருந்தால், பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் அந்தக் கோச் நிற்கும் என்று திரையில் ஏ, பி, சி என்று பகுதி பிரித்துக் காட்டுவார்கள், முன்கூட்டியே போய் அங்கே நின்றால் ரயில் வந்ததும் ஓட வேண்டியதில்லை. நடக்கச் சிரமம் இருந்தால் உதவிக்கு ஆள் கேட்கலாம், கட்டணம் கிடையாது, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் போதும். சக்கர நாற்காலி, ஏற்றிவிடும் லிஃப்ட் எல்லாம் கொண்டு வருவார்கள். மாறாமல் நேராகப் போகும் ரயில் அரை மணி நேரம் அதிகம் எடுத்தாலும் அதையே எடுங்கள்.

தங்கும் அறை ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். வெனிஸில் மலிவாக இருக்கிறதே என்று மெஸ்த்ரேயில் அறை போடுகிறார்கள், போடலாம், ஆனால் அது தரைப்பகுதி, கால்வாய் ஊருக்குள் போக இன்னும் பத்து நிமிட ரயில். வெனிசியா மெஸ்த்ரே, வெனிசியா சாந்தா லூச்சியா என்று இரண்டு ஸ்டேஷன் இருப்பது தெரியாமல் தவறான இடத்தில் இறங்கி நிற்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம்.

கே: ஸ்விட்சர்லாந்தில் கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயில்கள் இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது. எது?

ப: பெர்னினா. யோசிக்கவே வேண்டாம். கிளேசியர் எக்ஸ்பிரஸ் செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை எட்டு மணி நேரம், 291 பாலம், 91 சுரங்கம், சாப்பாட்டை சீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், எல்லாம் சரி, ஆனால் நான்கு மணி நேரத்துக்கு மேல் மலையும் பள்ளத்தாக்கும் பார்த்தால் கண் பழகிவிடும், பாதிப்பேர் தூங்குவார்கள். பெர்னினா, கூர் ஊரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை நான்கு மணி நேரத்தில் முடிகிறது, சலிக்க இடமே கொடுக்காது.

வழியில் வரும் லாண்ட்வாசர் பாலத்தைச் சொல்கிறேன். ஆறு வளைவு, 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், பாலமே வில் மாதிரி வளைந்து போய் நேராக ஒரு செங்குத்துப் பாறைக்குள் நுழைகிறது, பாலம் முடிகிற இடத்தில் சுரங்க வாய். கூர் பக்கமிருந்து போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால், உங்கள் ரயிலின் முன்பகுதி பாறைக்குள் மறைவதை உங்கள் கோச் இன்னும் பாலத்தில் இருக்கும்போதே பார்க்கலாம். அப்புறம் ஏறிக்கொண்டே போய் 2,253 மீட்டரில் ஓஸ்பிசியோ பெர்னினா ஸ்டேஷன், பக்கத்திலேயே வெண்ணிற ஏரி, அங்கிருந்து ஒரே இறக்கம், திரானோ 429 மீட்டர்தான். இவ்வளவு இறக்கத்துக்கும் பல் சக்கரம் கிடையாது, சாதாரண தண்டவாளம். கடைசியில் புரூசியோவில் ரயில் திறந்தவெளியில் முழு வட்டம் அடித்துத் தன் பாதைக்கு அடியிலேயே புகுந்து போகும், வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக் கோச்சுகளைப் பார்த்துக் கையசைக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சிறப்பு ரயில்கள் ஓடும் அதே தண்டவாளத்தில் சாதாரண உள்ளூர் ரயில்களும் நாள் முழுக்க ஓடுகின்றன. கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் ஒரு ரயில், அங்கிருந்து திரானோ இன்னொன்று. முன்பதிவு வேண்டாம், கூடுதல் கட்டணம் இல்லை, ஸ்விஸ் டிராவல் பாஸ் அப்படியே செல்லும். சிறப்பு ரயிலின் பெரிய கண்ணாடியைத் திறக்க முடியாது, படம் எடுத்தால் உங்கள் சட்டையும் எதிர் சீட்டுக்காரர் தலையும்தான் பிரதிபலிப்பில் விழும். உள்ளூர் ரயிலில் பல கோச்சுகளின் ஜன்னல் இறங்கும். பிடித்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம், ஆல்ப் குரூம் ஸ்டேஷனில் இறங்கிப் பனியாற்றைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் போகலாம். சிறப்பு ரயிலுக்குக் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு நல்ல சாப்பாடே சாப்பிட்டுவிடலாம் என்பது என் கட்சி.

ஸ்விஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள்களுக்கு உண்டு, ரயில், பேருந்து, ஏரிப் படகு, அருங்காட்சியகம் எல்லாம் அடக்கம். ஆனால் யுங்ஃப்ராயோக், 3,454 மீட்டரில் ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம், அங்கே போக பாஸ் கீழேயுள்ள கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் ஊர் வரைதான், மேலே தள்ளுபடி மட்டும். மேலே வெறும் மேகம் என்றால் அந்தப் பணம் தண்டம். மேலே வைத்திருக்கும் கேமராவின் நேரடிப் படத்தைக் காலையில் இணையத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கே: ஜப்பான் ரயில் பாஸ் இப்போதும் லாபமா?

ப: பெரும்பாலானவர்களுக்கு இல்லை. 2023 அக்டோபரில் 7 நாள் பாஸை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு உயர்த்திவிட்டார்கள். டோக்கியோ–கியோட்டோ ஒரு வழி சுமார் 14,000 யென், போக வர 28,000. முன்பு அந்த ஒரு பயணத்திலேயே பாஸ் காசு கிட்டத்தட்ட தேறிவிடும், இப்போது ஹிரோஷிமா வரை போய் வந்தாலும் தேறாது. போதாக்குறைக்கு அதிவேகமான நோசோமி ரயிலில் ஏற பாஸுக்கு மேல் தனிக் கட்டணம். தனி டிக்கெட் வாங்குங்கள், அல்லது ஒரே பகுதியில் சுற்றுவதாக இருந்தால் அந்தப் பகுதிக்கான சின்ன பாஸைப் பாருங்கள்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது ஃபுஜி மலை வலப்பக்கம், சாதாரண வகுப்பில் இ வரிசை ஜன்னல் சீட். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் பெட்டிக்கு இந்தத் தடத்தில் இடம் முன்பதிவு செய்ய வேண்டும், அதற்குக் காசில்லை, செய்யாமல் கொண்டுபோனால் 1,000 யென். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஊரே விடுமுறையில் கிளம்பும், தவிர்த்துவிடுங்கள்.

கே: இரவு ரயிலில் போனால் ஓர் இரவு ஹோட்டல் செலவு மிச்சம்தானே? தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?

ப: மிச்சம் என்பது பாதி உண்மை. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் உட்காரும் சீட், நாலு அல்லது ஆறு பேர் படுக்கும் பெட்டி அறை, ஒன்று முதல் மூன்று பேருக்கான நல்ல படுக்கையறை என்று மூன்று தரம். உட்கார்ந்தபடி போனால் மலிவுதான், மறுநாள் முழுக்க ஆள் ஆளாக இருக்க மாட்டீர்கள். நல்ல படுக்கை எடுத்தால் ஹோட்டல் காசு வந்துவிடும். காலை ஏழு மணிக்கு இறக்கிவிடுவார்கள், அறை மதியம்தான், பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். இருந்தாலும் ஒரு முறை போய்ப் பாருங்கள், படுத்துக்கொண்டே ஒரு நாட்டைக் கடப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

பெண்களுக்கு மட்டுமான பெட்டி அறை பதிவு செய்யும்போதே தேர்ந்தெடுக்கலாம், உள்ளிருந்து பூட்டிக்கொள்ளலாம், கவனித்துக்கொள்ளப் பணியாளரும் இருப்பார். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: இந்த ரயில்களில் பல நடுராத்திரியில் பிரிந்து, சில கோச் ஓர் ஊருக்கும் சில கோச் வேறு ஊருக்கும் போகும். கழிப்பறைக்குப் போய்விட்டு வேறு கோச்சில் கண்ணயர்ந்தால் காலையில் வேறு நாட்டில் எழுந்திருப்பீர்கள். உங்கள் கோச் எண்ணையும் அதன் கதவருகே எழுதியிருக்கும் ஊரையும் பார்த்து ஏறுங்கள். யூரெயில் பாஸ்காரர்களுக்கு, நள்ளிரவுக்குப் பிறகு ரயில் மாறாதவரை, ஏறிய நாள் ஒன்றுதான் கணக்கில் கழியும், படுக்கைக் கட்டணம் தனி.

கே: முதல் வகுப்பு அவசியமா?

ப: இல்லை. கூட்டமான கோடை வார இறுதிகளில் வேண்டுமானால்.

கே: ஒரு நாட்டில் ரயிலே இலவசமாமே, நிஜமா, யாராவது கதை விடுகிறார்களா?

ப: நிஜம். லக்ஸம்பர்க். 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து ரயில், டிராம், பேருந்து எதற்கும் டிக்கெட் கிடையாது, வெளிநாட்டுக்காரருக்கும்தான், ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. ஆனால் எல்லையைத் தாண்டி பிரான்ஸுக்கோ பெல்ஜியத்துக்கோ ஜெர்மனிக்கோ போகும் ரயில் என்றால், எல்லையிலிருந்து அந்தப் பக்கத்துக்கு டிக்கெட் வேண்டும். நாடு சின்னது, எல்லை சீக்கிரம் வந்துவிடும், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.